அகதிக்கு எந்த மொழி?

அகதிகளுக்கு மொழி கற்பிக்க இன்று ஒரு கைத்தொலைபேசி போதும் என்கிறார்கள். எழுத்து, உச்சரிப்பு, உரையாடல் எல்லாமே அதற்குள் வந்துவிட்டன. ஆனால் எந்த மொழியைக் கற்பிப்பது, அதைத் தீர்மானிப்பவர் யார் என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது.

2017 ஓகஸ்டிலிருந்து ஏழு இலட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்யா மக்கள் பங்களாதேஷின் கொக்ஸ் பஸாருக்கு ஓடிவந்தார்கள். (2024 டிசெம்பரில் ஒரு படகு நமது முல்லைத்தீவுக் கரைக்கும் வந்தது.) அவர்களுடைய பேச்சு சிட்டகொங் பேச்சுக்கு மிக நெருக்கமானது. ஆனாலும் முகாம்களின் கற்றல் நிலையங்களில் வங்காள மொழி கற்பிக்க அந்நாட்டு அரசு இடமளிக்கவில்லை. மொழி தெரிந்தால் தங்கிவிடுவார்களே என்ற பயம். 2021 நவம்பரில் அங்கு மியன்மார் பாடத்திட்டம் பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்டது. 1982ஆம் ஆண்டுச் சட்டத்தால் இவர்களைப் பிரஜைகள் அல்ல என்று தள்ளிய நாட்டின் பாடத்திட்டம் அது.

அதைக் குறை சொல்லவில்லை. ஊர் திரும்ப நினைப்பவனுக்குப் பர்மிய மொழி வேண்டும். யூதர்களின் எழுத்தைப் படித்துக்கொள்ளுமாறு ஸைத் இப்னு தாபித் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் பணித்ததை நாமறிவோம். நம் கடிதத்துக்கு இன்னொருவரை நம்பியிருக்கலாகாது. பர்மிய மொழிக்கு அந்த நியாயம் உண்டென்றால் வங்காளத்துக்கும் உண்டு. பிள்ளையின் மருந்துச் சீட்டை வாசிக்க ஒரு தாய்க்கு இன்றைக்கே மொழி தேவை.

வட்டகொடையிலிருந்து பார்க்கும்போது இது புதிய கதையல்ல. 1948இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்ட மக்களுக்கு, 1956க்குப் பின் அரச கடிதங்கள் தெரியாத மொழியில் வந்தன. வாசித்துச் சொல்ல ஆள் தேடி அலைந்ததைத் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

வகுப்பறை மறுப்பதைக் கைத்தொலைபேசி கொடுத்துவிடலாம். அரசின் விருப்பத்தை மீறி அப்படிக் கற்பிப்பது சரியா? பணக்கார நாடுகள் ஏற்காத சுமையைப் பங்களாதேஷ் தாங்குகிறது. அதை மறந்து பேசுவது அநியாயம். வீட்டுக்காரர் விருந்தாளியிடம் எத்தனை நாள் தங்குவாய் என்று கேட்கலாம். கையிலிருக்கும் புத்தகத்தைப் பறிக்க அவருக்கு உரிமையில்லை என்றே நினைக்கிறேன். பறிப்பது என்னவோ இலேசுதான். 2019 செப்டெம்பர் முதல் 2020 ஓகஸ்ட் வரை முகாம்களில் அதிவேக இணையம் துண்டிக்கப்பட்டிருந்தது. அதே 2020இல் நமது பாடசாலைகள் மூடிக்கிடந்தபோது, லயத்தில் ஒரு தொலைபேசிக்கு மூன்று பிள்ளைகள். சிக்னல் தேடி மலையேறியவர்களும் உண்டு. இணையமில்லாமலும் திறக்கக்கூடிய பாடமும், பிழை திருத்தப் பக்கத்தில் ஓர் ஆசிரியரும் இல்லாவிட்டால் அது கண்காட்சிப் பொருள்தான்.

சொந்த மொழியின் நிலை வேறு. 1980களில் மௌலானா முஹம்மது ஹனீஃப் ரோஹிங்யா மொழிக்கென அமைத்த எழுத்து 2018இல் யூனிகோட்டில் சேர்ந்தது. வலமிருந்து இடமாக இன்று அதைத் தொலைபேசியிலேயே எழுதலாம். அரபுத்தமிழில் மாலைகளை ஓதிய நம் மூத்தம்மாமாரையும், அந்த எழுத்தைக் கூட்டி வாசிக்கத் தெரியாத நம்மையும் நினைத்தால் இதன் பெறுமதி விளங்கும். மியன்மார் பாடத்திட்டத்தில் அந்த எழுத்துக்கு இடமில்லை. வகுப்பு முடிந்து பிள்ளை திரும்பும் தறப்பாள் கொட்டிலுக்குள்தான் அது பிழைத்தாக வேண்டும்.