புள்ளிகளும் முகங்களும்

உயரத்திலிருந்து பார்க்கும்போது மனிதர் சிறியவராகத் தெரிகின்றனர். அது கண்ணின் இயல்பு; அதில் குற்றம் ஏதுமில்லை. ஆனால், சிறியவராகத் தெரிகிறவரை மனமும் சிறியவர் என்றே தீர்மானித்துவிடுமானால், அத்தீர்மானத்திற்குப் பொறுப்பு யாருடையது? தொலைவு நம் கடமையைக் குறைத்துவிடுமா?

சில ஆண்டுகளுக்கு முன், என் மகளின் குடும்பத்தோடு சில வாரங்கள் தங்குவதற்காக ஆஸ்திரிய நாட்டின் தலைநகராகிய வியன்னாவுக்குச் சென்றிருந்தேன். அங்கே, சற்றும் எதிர்பாராத ஓரிடத்தில் இக்கேள்வி என்னைப் பற்றிக்கொண்டது. அப்போது நான் எந்தத் திருத்தலத்திற்கும் போய்க்கொண்டிருக்கவில்லை. ஒரு பழைய திரைப்படம் எடுக்கப்பட்ட இடங்களைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டி ஒருவரின் பின்னால், மழைத் தூறலில், கையில் குடையோடு நடந்துகொண்டிருந்தேன்.

அப்படத்தின் பெயர் 'த தேர்டு மேன்'. 'மூன்றாம் மனிதன்' என்பது பொருள். கரோல் ரீட் இயக்கத்தில் 1949-இல் வெளிவந்தது. திரைக்கதையை எழுதியவர், 1926-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்த ஆங்கில நாவலாசிரியர் கிரஹாம் கிரீன். போர் முடிந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்த 1948-இல், இடிபாடுகள் இன்னும் முழுதும் அகற்றப்படாத வியன்னாவின் தெருக்களிலேயே படப்பிடிப்பு நடந்தது. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்சு, சோவியத் ஒன்றியம் ஆகிய நான்கு வல்லரசுகள் அந்நகரைத் தமக்குள் பங்கிட்டு வைத்திருந்தன. நகரின் மையத்தை மட்டும் கூட்டாக ஆண்டன. 1955-இல்தான் ஆஸ்திரியா தன்னுரிமையை மீண்டும் பெற்றது. அந்த இடைக்காலத்தில் உணவு முதல் மருந்து வரை எல்லாமே கள்ளச்சந்தையில் விலைபோயின.

கதை இதுதான். மலிவு விலைக் கதைகள் எழுதிப் பிழைக்கும் ஹாலி மார்ட்டின்ஸ் என்னும் அமெரிக்கன், தன் இளமைத் தோழன் ஹாரி லைம் அழைத்தான் என்று வியன்னா வந்து சேர்கிறான். வந்த அன்றே நண்பனின் அடக்கத்தைக் காண்கிறான். வண்டியில் அடிபட்டு இறந்தான் என்கின்றனர். உடலைத் தூக்கிச் சென்றவர் இருவர் என்று சிலரும், மூவர் என்று கட்டடக் காவலரும் சொல்ல, அந்த மூன்றாம் மனிதனைத் தேடிப் புறப்படுகிறான் ஹாலி. முடிவில் அவன் அறிவது: லைம் சாகவில்லை. இராணுவ மருத்துவமனைகளிலிருந்து திருடப்பட்ட பெனிசிலினில் கலப்படம் செய்து விற்றவன் அவன். அம்மருந்தை ஊசியாக ஏற்றிக்கொண்ட நோயாளிகள் மாண்டனர். மூளை உறைக் காய்ச்சல் கண்ட குழந்தைகளில் இறந்தவர் போக எஞ்சியோர் சித்தம் கலங்கினர்.

வாயிற்படியில்

எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர் இருந்தோம். வழிகாட்டியாக வந்த பெண்மணி, ஒவ்வோர் இடத்திலும் நின்று, படத்தின் காட்சியொன்றைப் புகைப்படமாக உயர்த்திக் காட்டுவார். நாங்கள் படத்தையும் இடத்தையும் மாறி மாறிப் பார்ப்போம். யோசெப் சதுக்கத்தில், கற்சிலைகள் தாங்கி நிற்கும் பல்லவிச்சினி மாளிகையின் வாயிலைக் காட்டினார். படத்தில் லைமின் வீடு அதுதான். ஆம் ஹோஃப் சதுக்கத்தில், விளம்பரத் தூண் ஒன்றின் கதவைத் திறந்து லைம் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கி மறையும் காட்சியைச் சொன்னார். இறுதியில் சாக்கடையின் இரும்புக் கம்பிகளுக்கு வெளியே நீண்டு துடிக்கும் விரல்கள், லைமாக நடித்த ஆர்சன் வெல்ஸின் விரல்கள் அல்ல, இயக்குநர் ரீடின் விரல்கள் என்று அவர் சொன்னபோது எல்லாரும் வியந்தோம். நின்று, பார்த்து, கேட்டு, மீண்டும் நடக்கும் அந்த முறை எனக்குத் தவக்காலத்துச் சிலுவைப்பாதையை நினைவூட்டியது. உடனே, ஒப்பிடத் தகாததை ஒப்பிட்டேனோ என்று கூச்சமும் வந்தது.

பல்கலைக்கழகத்திற்கு அருகில் ஷ்ரைஃபோகல்காஸே என்னும் சிறு தெரு உள்ளது. அதன் 8-ஆம் எண் வீட்டின் வாயிற்படியில்தான், இறந்துபோனவனாகக் கருதப்பட்ட லைம் முதன்முதலாகத் தோன்றுகிறான். இருள், அவன் காலடியில் ஒரு பூனை. தெருவில் நின்று ஹாலி கூச்சலிட, உறக்கம் கலைந்த பெண்ணொருத்தி எதிர் மாடியில் விளக்கை ஏற்றிச் சன்னலைத் திறக்கிறாள். அந்த ஒளி லைமின் முகத்தில் விழுகிறது. அவன் மெல்லப் புன்னகைக்கிறான்.

அந்த வாயிற்படியைப் புகைப்படம் எடுக்க ஒவ்வொருவராகக் காத்திருந்தோம். என் முறை வந்தபோது, காய்கறிப் பையைச் சுமந்துகொண்டு ஒரு மூதாட்டி நடைபாதையில் வந்தார். வாயிற்படிக்கு நேராகச் சற்றே நின்று பையைக் கைமாற்றிக்கொண்டார். நான் கையை வீசி, நகர்ந்துகொள்ளும்படி சைகை காட்டினேன். அவர் என்னைப் பார்த்து ஏதோ இரண்டு சொற்கள் சொன்னார், நகர்ந்தார். எனக்கு அழகான படம் கிடைத்தது.

மாலையில் அப்படத்தை மகளிடம் காட்டியபோது அந்த இரண்டு சொற்களை, என் காதில் விழுந்தபடியே, சொல்லிக் காட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே, "அப்பா, அது 'க்ரூஸ் கோட்'. இங்கே எல்லாரும் சொல்லுகிற வணக்கம்தான். கடவுள் உங்களை வாழ்த்துவாராக என்று அர்த்தம்" என்றாள்.

நான் சிரிக்கவில்லை. அத்தெருவில் குடியிருக்கும் ஒருவரை, எழுபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைய நிழற்படம் ஒன்றிற்கு இடையூறு என்று கருதி நான் அப்புறப்படுத்தியிருக்கிறேன். அவரோ கடவுளின் பெயரால் எனக்கு வாழ்த்துரைத்திருக்கிறார்.

இராட்டினத்தில்

மறுநாள் தனியாகவே பிராட்டர் பூங்காவுக்குச் சென்றேன். படத்தின் மிகப் புகழ்பெற்ற உரையாடல் அங்குள்ள மாபெரும் இராட்டினத்தில்தான் நிகழ்கிறது. 1897-இல் நிறுவப்பட்ட அந்த இராட்டினத்தின் உயரம் ஏறத்தாழ 65 மீட்டர். போரின்போது எரிந்துபோய், 1947-இல் மீண்டும் இயங்கத் தொடங்கியபோது, முன்பிருந்த 30 பெட்டிகளுக்குப் பதிலாக 15 பெட்டிகளே பொருத்தப்பட்டன. அவை நம்மூர்த் திருவிழா இராட்டினத்தின் தொட்டில்கள் போன்றவை அல்ல. சன்னல்கள் வைத்த சிறு அறைகள்.

அப்படியொரு பெட்டி உச்சியை அடையும்போது, லைம் கதவைத் திறந்து கீழே நடமாடுவோரைக் காட்டுகிறான். அந்தப் புள்ளிகளுள் ஒன்று அசையாமல் நின்றுவிட்டால் உனக்கு உண்மையில் இரக்கம் வருமா என்று நண்பனைக் கேட்கிறான். நிற்கிற ஒவ்வொரு புள்ளிக்கும் இருபதாயிரம் பவுன், அதற்கு வரியும் இல்லை என்றால், எத்தனை புள்ளிகளை விட்டுவைப்பாய் என்றும் கேட்கிறான். அரசாங்கங்களே மக்களை ஒவ்வொருவராக எண்ணிப் பார்ப்பதில்லை, நான் ஏன் பார்க்க வேண்டும் என்கிறான். தன் தொழிலில் பங்கு தருவதாகவும் ஆசை காட்டுகிறான். உயர்ந்த மலையின் மேல் கொண்டுபோய், உலக அரசுகளையெல்லாம் காட்டிப் பேரம் பேசிய அந்தச் சோதனைக்காரனின் குரலே இங்கும் ஒலிக்கிறது.

கத்தோலிக்கராகிய நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இங்குண்டு. நீ முன்பு கடவுளை நம்பியவனாயிற்றே என்று ஹாலி நினைவூட்டும்போது, லைம் மறுப்பதில்லை. கடவுளையும் அவருடைய இரக்கத்தையும் இப்போதும் நம்புவதாகவே சொல்கிறான்! இறந்தவர்கள் இவ்வுலகில் பெரிதாக எதையும் இழந்துவிடவில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறான். கிரீன் தம் கொடியவனை நாத்திகனாகப் படைக்கவில்லை. கடவுள் நம்பிக்கையை இழக்காமலேயே அயலானை இழந்துவிட முடியும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

கீழே இறங்கியதும் லைம், சுவிட்சர்லாந்தின் ஐந்நூறு ஆண்டு அமைதி குயில் கூவும் கடிகாரத்தைத் தவிர வேறென்ன தந்தது என்று எள்ளி நகையாடுகிறான். அவ்வசனத்தைச் சேர்த்தவர் வெல்ஸ். வரலாற்றுப்படி அது பிழை. அக்கடிகாரம் ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதிக்குரியது. எனினும் இப்படத்தைப் பற்றிப் பேசுவோர் யாவரும் அதையே சொல்லிச் சிரிக்கின்றனர். எங்கள் குழுவிலும் அப்படியே. தீமை நகைச்சுவையோடு பேசும்போது, அதன் கணக்கில் இறந்தவர்களை நாம் எவ்வளவு எளிதாக மறந்துவிடுகிறோம்!

அந்த இராட்டினத்திற்கே ஒரு வரலாறு உண்டு. 1919-இல் அதை விலைக்கு வாங்கியவர் எடுவார்ட் ஸ்டெய்னர் என்னும் யூத வணிகர். 1938-இல் நாசிகள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றிய பின் அது அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. 1944-இல் அவுஷ்விட்ஸ் முகாமில் அவர் கொல்லப்பட்டார். மனிதரைப் புள்ளிகளாகப் பார்க்கும் பார்வை, நான்கே ஆண்டுகளுக்குப் பிறகு அங்கு வந்த கலைஞர்களின் கற்பனையில் உதித்தது அன்று. அந்த இராட்டினத்தின் சொந்தக்காரரையே அது பலிகொண்டிருந்தது.

என் பெட்டி உச்சிக்கு வந்தபோது நானும் கீழே பார்த்தேன். வண்ணக் குடைகள் ஊர்ந்தன. எனக்கு நினைவு வந்தது என் பழைய மேசை. முப்பது ஆண்டுகள் ஓர் அலுவலகத்தில் கோப்புகளோடு வாழ்ந்தவன் நான். அங்கே உயரம் எதுவும் இல்லை. ஆனால் தாளும் எண்ணும் தரும் தொலைவு இருந்தது. ஒரு விதவையின் குடும்ப ஓய்வூதியக் கோப்பை, ஒரு சான்றிதழ் குறைகிறது என்று எழுதி ஓரமாக வைத்தேன். அச்சான்றிதழ் அக்கோப்பிலேயே, வேறொரு தாளோடு ஒட்டிக்கொண்டு கிடந்ததை ஐந்து மாதங்களுக்குப் பின் கண்டேன். அந்த ஐந்து மாதங்களில் அவர் தம் மகனைப் படிப்பை நிறுத்தி வேலைக்கு அனுப்பிவிட்டார் என்பதை, அவரே வந்து என் எதிரில் நின்றபோதுதான் அறிந்தேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. நான் யாரையும் கொன்றவன் அல்லன். பணத்திற்காக எதையும் செய்தவனும் அல்லன். ஆயினும் அன்று அந்த உச்சியில், லைமின் கண்களால் பார்ப்பது எனக்குப் புதிதன்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

படுக்கைகளின் நடுவே

இங்கே ஒரு மறுப்பு எழலாம். ஊருக்கெல்லாம் தடுப்பூசி போடத் திட்டமிடும் அதிகாரி ஒவ்வொரு குழந்தையின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? ஆயிரம் குடும்பங்கள் உள்ள பங்கின் தந்தை ஆயிரம் துயரங்களையும் ஒருங்கே சுமக்க முடியுமா? மனித இதயம் எல்லைக்குட்பட்டது. எண்ணிக்கை இல்லாமல் நீதியும் நடவாது. இம்மறுப்பில் உண்மை இருக்கிறது. எண்ணிப் பார்ப்பது பாவமன்று.

விடையைப் படமே தருகிறது. காவல் அதிகாரி கேலவே முதலில் ஹாலிக்குக் காட்டுபவை சான்றுகள்: கோப்புகள், கைரேகைகள், நிழற்படங்கள். ஹாலி நம்புகிறான். ஆனால் நண்பனைப் பிடித்துக் கொடுக்கத் துணியவில்லை. துணிந்த பின்னும் தயங்கிப் பின்வாங்குகிறான். அப்போது கேலவே, விமான நிலையத்திற்குப் போகும் வழியில் சற்று இறங்கலாம் என்று சொல்லி, குழந்தைகள் மருத்துவமனை ஒன்றுக்கு அவனை அழைத்துச் செல்கிறார். ஹாலி படுக்கைகளின் நடுவே நடக்கிறான். படுக்கைகளில் கிடப்போரின் முகங்களை ரீட் நமக்குக் காட்டுவதில்லை. குனிந்து பார்க்கும் ஹாலியின் முகம் தெரிகிறது. கேட்பாரற்றுப் போன கரடிப் பொம்மை ஒன்று தெரிகிறது. வெளியே வரும்போது அவன் முடிவு செய்துவிட்டான்.

லைமும் எண்ணினான், கேலவேயும் எண்ணினார். லைம் எண்ணியது முகங்களைப் பார்க்காதிருக்க. கேலவேயின் எண்ணிக்கையோ அவரைப் படுக்கையருகே கொண்டுபோய் விட்டது. எல்லா முகங்களையும் பார்க்க நம்மால் இயலாது. ஆனால் நம் கையெழுத்தாலும் நம் கவனக்குறைவாலும் தொடப்படுகிறவர் ஒருவரையேனும் இறங்கிச் சென்று பார்க்க இயலும். அப்படிப் பார்த்தவன் அடுத்த கோப்பை அதே கையால் ஓரம் தள்ளமாட்டான்.

எங்கள் நடைப் பட்டியலில் அந்த மருத்துவமனைக் காட்சி இல்லை. வழிகாட்டியைக் குறை சொல்வதற்கில்லை. நாங்கள் ஒருவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. லைம் நின்ற வாயிற்படியை எல்லாரும் தேடினோம். அவனால் படுத்த படுக்கையானவர்களை யாரும் தேடவில்லை.

மரத்தின் மேல் ஏறிக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சக்கேயுவை நம் ஆண்டவர் இறங்கி வரும்படி அழைத்தார். இறங்கி வந்த சக்கேயு, தம்மால் ஏமாற்றப்பட்டவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதைப் பற்றியும் நினைத்தார். மேலிருந்தபோது அவர்கள் கூட்டமாகத் தெரிந்திருப்பார்கள். தரையில் நின்றபோது ஒவ்வொருவரும் பெயரோடும் தொகையோடும் நினைவுக்கு வந்திருப்பார்கள். தாமே விண்ணின் உயரத்தை விட்டிறங்கி நம்மிடையே நடந்தவர் அல்லவா அவரை அழைத்தவர்?

ஊர் திரும்புவதற்கு முந்திய நாள், மீண்டும் அந்தச் சிறு தெருவுக்குச் சென்றேன். படக்கருவியை வீட்டிலேயே வைத்துவிட்டேன். 8-ஆம் எண் வீட்டின் கதவு சாத்தியிருந்தது. அரைமணி நேரம் நின்றேன். அந்த மூதாட்டி வரவில்லை. பால் புட்டியோடு ஒரு சிறுவனும், நாயைப் பிடித்துக்கொண்டு ஒரு முதியவரும் கடந்து போயினர். முதியவரிடம், என் நாவுக்கு வந்த உச்சரிப்பில், "க்ரூஸ் கோட்" என்றேன். அவர் நின்று, தொப்பியைத் தொட்டு, அதே வாழ்த்தை எனக்குத் திருப்பிச் சொல்லிவிட்டுப் போனார்.