உப்பிட்டவர் யார்?

கோடை விடுமுறை பிறந்துவிட்டால் பிள்ளைகளை எங்கேனும் அழைத்துச் செல்ல வேண்டும் என்னும் எண்ணம் எல்லா இல்லங்களிலும் எழுகின்றது. வசதி படைத்தோர் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்கின்றனர். அத்துணைத் தொலைவு செல்ல இயலாதோர்க்கும் இறைவன் கடலையும் மலையையும் அருகிலேயே வைத்திருக்கின்றான். திண்டிவனத்தினின்றும் கிழக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் சென்றால் மரக்காணம். மேற்கே 30 கிலோமீட்டருக்குள் செஞ்சி. முன்னது வங்கக் கடலோரத்துச் சிற்றூர். பின்னது மூன்று பாறைமலைகளை மதிலால் பிணைத்த கோட்டை. காலையில் அலையையும் மாலையில் மலையையும் ஒரே நாளில் கண்டு திரும்பிவிடலாம்.

'கண்டு திரும்பிவிடலாம்' என எளிதாக எழுதிவிட்டேன். காண்பது அத்துணை எளிய செயல்தானா? காணச் செல்கின்றவன் தான் கண்டவற்றுக்கு ஏதேனும் கடன்படுகின்றானா? அன்றிப் பேருந்துக் கட்டணத்தைக் கொடுத்த அளவிலேயே அவனுடைய கணக்கு நேராகிவிடுகின்றதா? இதுவே நாம் இங்கே சிந்திக்க எடுத்துக்கொண்ட வினா.

பயணத்தை இஸ்லாம் வெறும் பொழுதுபோக்காகக் கருதவில்லை. பூமியில் சுற்றிவந்து, முன்சென்றோரின் முடிவு யாதாயிற்று என்பதைப் பாருங்கள் எனத் திருக்குர்ஆன் பல இடங்களில் மனிதரை அழைக்கின்றது. பயணிக்குச் சலுகைகளும் உண்டு. நான்கு ரக்அத் தொழுகையை அவன் இரண்டாகச் சுருக்கித் தொழலாம். ரமலான் நோன்பைப் பின்னர் நோற்கலாம். ஸகாத் பெறத் தகுதியுடையோர் எண்வகையினருள் வழிப்போக்கனும் ஒருவன். தன் ஊரில் அவன் செல்வனாகவே இருக்கலாம். எனினும் வழியில் கைப்பொருளிழந்து நிற்பானாயின் அவன் உதவிக்குரியவனே. பயணி என்றால் எளியவன், பிறர் இரக்கத்தை நாடி நிற்பவன் என்னும் கருத்தே இவற்றுக்கெல்லாம் அடிப்படை.

இன்றைய விடுமுறைப் பயணியோ அந்நிலையில் இல்லை. அவன் பையில் பணத்தோடும் கையில் தொலைபேசியோடும் வருகின்றான். அவன் சென்று நிற்கும் ஊரில் உள்ளவரே பெரும்பாலும் அவனினும் எளியவர். அங்ஙனமாயின், பயணிக்கு ஊரார் செய்ய வேண்டிய கடமையைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருத்தல் போதுமா? ஊராருக்குப் பயணி செய்ய வேண்டிய கடமை ஒன்றும் உண்டல்லவா? எனக்கு இவ்வினாவை எழுப்பியவர் பெரிய அறிஞர் எவருமல்லர். மரக்காணத்து உப்பளத்தில் கூடை சுமந்த ஒரு பெண்மணி.

மே மாதத்து முற்பகல். என் குடும்பத்தாருடன் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் இறங்கி நின்றேன். இருமருங்கும் கண்ணுக்கெட்டிய தொலைவு வரை பாத்திகள். பாத்திகளின் ஓரங்களில் வெண்குவியல்கள். படமெடுத்துக்கொள்ள ஏற்ற இடமென்று நாங்கள் நின்றோமேயன்றி, அங்கே வேலை செய்துகொண்டிருந்தோரை உற்றுநோக்கினோம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அவர்களுள் ஒருவர் எங்களை நோக்கிவிட்டார். தலையிலிருந்த கூடையை இறக்கி வைத்துவிட்டு, "பாய், புள்ளைக்குக் கண்ணு கூசுது பாருங்க. அந்தக் கொட்டாய் நெழல்ல கொண்டுபோய் நிறுத்துங்க" என்றார். பிறகு தம் குடத்திலிருந்து பிள்ளைக்குத் தண்ணீரும் மொண்டு கொடுத்தார். அதைக் குடித்த என் இளைய மகன், "அத்தா, இந்த அம்மாவுக்கு லீவு கிடையாதா?" என்று கேட்டான். நான் விடை தேடுமுன் அவரே சிரித்துக்கொண்டு, "மழை வந்தா லீவுதான், கண்ணு" என்றார்.

அச்சொல்லின் பொருள் பிள்ளைக்கு விளங்கவில்லை, எனக்கு விளங்கிற்று. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகளே கரைந்துள்ளன. அந்நீரைப் பாத்தியிலிருந்து பாத்திக்கு மாற்றி, வெயிலில் காயவிட்டு, முதலில் இருந்த அளவில் பத்தில் ஒரு பங்காகச் சுண்டிய பின்னரே சோற்றுப்பு படியத் தொடங்கும். அதற்கு முன் சுண்ணச்சத்து படிந்து கழிய வேண்டும். அதன் பின் எஞ்சும் கசப்பு நீரை வெளியேற்ற வேண்டும். படிந்த உப்பை நீண்ட பிடியுள்ள பலகையால் வாரிக் கூட்டிச் சுமந்து கரை சேர்க்க வேண்டும். இவ்வளவுக்கும் வேண்டுவது கடும் வெயில். எந்த வெயிலுக்கு அஞ்சி நாம் விடுமுறை விட்டுக்கொள்கின்றோமோ அந்த வெயிலே அவர்தம் வேலைக்காலம். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் பாத்திகள் நீரில் மூழ்கும், வேலை நிற்கும், கூலியும் நிற்கும். 2024 நவம்பர் 30 ஆம் நாள் 'ஃபெஞ்சல்' புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபொழுது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. நமக்கு அது நாளிதழ்ச் செய்தி; உப்பளத் தொழிலாளிக்கோ ஊதியமில்லா விடுமுறையின் தொடக்கம்.

'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்பது நம் முன்னோர் மொழி. இப்பழமொழியை அறியாத தமிழர் இலர். ஆயினும் உப்பிட்டவர் யார் என்று நாம் என்றேனும் எண்ணியதுண்டா? இலையிட்டுச் சோறு பரிமாறியவரையே உப்பிட்டவர் என்கின்றோம். அவர் உப்பை வாங்கினார், இட்டார். அதை விளைவித்தவர் எவரோ, எங்கோ இருக்கின்றார். பழமொழி சுட்டும் நன்றிக்கடன் விருந்தளித்தவரின் வாயிற்படியோடு நின்றுவிடுகின்றதா, அன்றி அதையும் கடந்து உப்பளம் வரை செல்கின்றதா?

சங்க காலத்துப் பயணி இதை நம்மைவிட நன்கு உணர்ந்திருந்தான் எனத் தோன்றுகின்றது. நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை, ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையால் வாடும் மற்றொரு பாணனுக்கு வழிகாட்டுவதாக அமைந்த நூல். அதில் வரும் எயிற்பட்டினத்தை மரக்காணத்தோடும், கிடங்கிலைத் திண்டிவனத்தோடும் பொருத்திக் காட்டுவர் ஆராய்ச்சியாளர். நாம் இன்று பேருந்தில் செல்லும் வழியே ஏறத்தாழ அவன் சொன்ன வழி! அப்பாணன் வழியிலுள்ள காட்சிகளை மட்டும் வருணித்தானல்லன். எந்த நிலத்து மக்கள் எவ்வுணவு கொடுத்து உபசரிப்பர் என்பதையும் ஒவ்வொன்றாகச் சொன்னான். நெய்தல் நிலத்துப் பரதவர் இட்ட விருந்தும் அரசன் இட்ட விருந்தும் ஒரே பாட்டில் இடம்பெற்றன. பெற்றவன் பெறாதவனுக்குச் சொல்வதே ஆற்றுப்படை. நாமும் திரும்பி வந்து சொல்கின்றோம். கடலைப் பற்றிச் சொல்கின்றோம். கடலோரத்து மனிதரைப் பற்றிச் சொல்வதில்லை.

இனி மலைக்குச் செல்வோம்.

செஞ்சியின் இராசகிரி ஏறத்தாழ 800 அடி உயரம். மூச்சு வாங்க ஏறி உச்சியில் நின்றால் வரலாறு முழுதும் காலடியில் கிடப்பது போன்ற மயக்கம் உண்டாகும். 1677 இல் சிவாஜி இக்கோட்டையைக் கைப்பற்றினார். எட்டாண்டு முற்றுகைக்குப் பின் 1698 இல் முகலாயர் கொண்டனர். 1750 இல் பிரெஞ்சுக்காரரும் 1761 இல் ஆங்கிலேயரும் கொண்டனர். கொண்டவர் எவரும் வைத்துக்கொள்ளவில்லை. களஞ்சியங்களில் இன்று தானியம் இல்லை. கல்யாண மஹாலில் கல்யாணம் இல்லை. 2025 இல் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டனுள் ஒன்றாக இதை உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்த்தது. மன்னர்க்கு நிலைக்காத கோட்டை பயணிகளுக்காக நிலைத்திருக்கின்றது.

இங்கே நம் நெஞ்சைத் தொடுவது 1714 ஆம் ஆண்டு நிகழ்ச்சி. ஆர்க்காட்டு நவாப் சஆதத்துல்லா கான் கேட்ட கப்பத்தைக் கட்ட மறுத்து, இருபத்திரண்டு வயது இளைஞனான தேசிங்குராசன் சிறுபடையுடன் பெரும்படையை எதிர்த்து மாண்டான். அவனுடைய உயிர்த்தோழன் மகபத்கான் ஒரு முஸ்லிம். அவன் தன் திருமணத்தை விட்டெழுந்து நண்பனுக்காகப் போர்க்களம் புகுந்து உயிர்நீத்தான் என்று தேசிங்குராசன் கதைப்பாடல் பாடுகின்றது. வென்றவரும் முஸ்லிம், தோற்றவன் பக்கம் நின்று மடிந்த தோழனும் முஸ்லிம். வெற்றிக்குப் பின் 1717-18 இல் எழுந்த சஆதத்துல்லா கான் பள்ளிவாசல் இன்றும் கோட்டையினுள் உள்ளது; அதன் பாரசீகக் கல்வெட்டு கட்டியவரின் பெயரைச் சொல்கின்றது. மகபத்கானின் பெயரையோ ஊரூராய்ப் பாடிச் சென்ற பாமரப் பாடகர்களின் நாவே காத்தது.

இதைக் கூறி நவாபைக் கொடியவராகக் காட்ட வேண்டுவதில்லை. வீழ்ந்த பகைவனுக்கு உரிய மரியாதை செய்தவர் அவர் என்பர். உடன்கட்டை ஏறிய அரசியின் நினைவாகவே இராணிப்பேட்டைக்கு அப்பெயர் வந்தது என்பதும் வழிவழிச் செய்தி. நாம் ஆராய வேண்டியது வேறு. மகபத்கான் செய்தது என்ன? படைவீரர் மொழியில் அதற்கு 'நமக் ஹலால்' என்று பெயர். உண்ட உப்புக்கு உண்மையாயிருத்தல். தமிழில் செஞ்சோற்றுக் கடன் என்போம். ஆக, மலையிலும் நாம் சந்திப்பது அதே உப்பைத்தான்!

ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. உப்பிட்டவருக்கு உண்மையாயிருத்தல் எப்பொழுதும் அறமாகுமா? செஞ்சியை முற்றுகையிட்ட படைகளிலும், காத்து நின்ற படைகளிலும் இருந்தோர் அனைவரும் ஏதோ ஒருவருடைய உப்பை உண்டவரே. அவரவர் தம் உப்புக்காகவே ஒருவரையொருவர் வெட்டி மாய்ந்தனர். உப்புக்கு விசுவாசம் என்னும் ஒன்று மட்டுமே அறத்தின் அளவுகோலாயின், அநியாயக்காரனுக்காக வாளெடுத்தவனும் அறவோனாகிவிடுவான். மகபத்கானை மக்கள் நினைப்பது அவன் ஊதியம் பெற்ற விசுவாசத்திற்காகவன்று. நட்பின் பொருட்டுத் தன் நலனைத் துறந்ததற்காகவே. கூலிக்கு உண்மையாயிருப்போர் பலர். மனிதனுக்கு உண்மையாயிருப்போர் சிலர்.

இன்னும் ஒன்று: அரசர்கள் இட்ட உப்பை அரசர்கள் விளைவிக்கவில்லை. மரக்காணம் போன்ற கடற்கரையில் எவரோ வாரிய உப்பே அரண்மனைச் சோற்றில் கலந்தது. அதை உண்டவர் கொடுத்த கையை நினைத்து உயிரைக் கொடுத்தனர். விளைவித்த கையை ஒருவரும் நினைக்கவில்லை. முன்சென்றோரின் முடிவைப் பாருங்கள் என்னும் இறைகட்டளையின் உட்பொருள் இவ்விடத்தில்தான் எனக்குத் துலங்கிற்று. இடிந்த மதிலைக் கண்டு 'உலகம் நிலையாது' எனப் பெருமூச்சு விடுவது எளிது. இறந்த அரசர்கள் நம்மிடம் எதையும் கேட்கப்போவதில்லை. அவர்கள் யாரை மறந்தனரோ அவரை நாமும் மறந்திருக்கின்றோமா என்று கேட்பதே படிப்பினை. மலையில் பாடம் கற்க வேண்டுமானால் கடற்கரையில் கண்ணைத் திறந்திருக்க வேண்டும்.

'ஆண்டில் ஒருநாள் பிள்ளைகளோடு மகிழச் சென்றால், அங்கும் கடமையைச் சுமத்துகின்றீரே!' என அன்பர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. மகிழ்ச்சி மார்க்கத்திற்குப் புறம்பானதன்று; இல்லத்தாரை மகிழ்விப்பதும் நற்செயலே. நான் மகிழ்ச்சியைக் குறைக்கச் சொல்லவில்லை. அதற்குள் ஒரு மனிதருக்கு இடம் விடச் சொல்கின்றேன். 'அவ்வாறாயின் ஏழையைக் கண்டு இரங்கச் சொல்கின்றீரோ?' என மற்றொருவர் வினவலாம். அதுவுமன்று. அப்பெண்மணி எங்கள் இரக்கத்தை நாடி நிற்கவில்லை. உண்மையில் இரங்கியவர் அவர். வெயிலில் நின்ற பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தவர் அவர். ஸகாத் விதியில் வரும் வழிப்போக்கனைப் போல அன்று பெற்று நின்றவன் நானே. இரக்கம் மேலிருந்து கீழே பார்க்கும். நன்றியோ நிமிர்ந்து எதிரே பார்க்கும். நாம் செலுத்த வேண்டியது பிச்சையன்று, ஹக்கு. உரிமையுடையவருக்குச் சேர வேண்டிய உரிமை.

அது பெரிய காரியமும் அன்று. உப்பளத்தாரைப் படமெடுக்குமுன் ஒரு சொல் கேட்பது. கடற்கரையில் மீன் விற்பவரிடம் ஐந்து ரூபாய்க்கு வாதாடாமல் இருப்பது. மரக்காணத்தை ஒட்டிய கழுவெளிச் சதுப்பு நிலத்தில் குப்பையை எறியாமல் வருவது. 2021 இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அவ்விடத்தை 2024 இல் ராம்சார் பட்டியல் ஏற்றுக்கொண்டது. எத்தனையோ நாடு கடந்து வரும் பறவைகளும் முஸாபிர்களே அல்லவா! உழைத்தவன் வியர்வை உலருமுன் கூலி கொடுக்கப் பணித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தினராகிய நாம், கூலியே இல்லாத மழைமாதங்களில் இத்தொழிலாளர் எப்படி வாழ்கின்றனர் என்று கேட்பதும், அவர்தம் கோரிக்கை எழும்போது உடன் குரல் கொடுப்பதும் இக்கடனைச் சார்ந்தனவே.

உணவளிப்பவன் அல்லாஹ், அதில் ஐயமில்லை. கடலில் உப்பை வைத்தவனும், அதைப் பிரித்தெடுக்க வெயிலைத் தந்தவனும் அவனே. ஆயினும் மனிதருக்கு நன்றி செலுத்தாதவன் இறைவனுக்கும் நன்றி செலுத்தியவனாகான் என்பதன்றோ நம் நாயகம் கற்பித்த பாடம்? இறைவனுடைய கொடை நம் இலைக்கு வந்து சேருமுன் எத்தனையோ மனிதர்தம் கைகளைக் கடந்தே வருகின்றது. அக்கைகளைக் காணாதவன் கொடையையும் முழுமையாகக் கண்டவனல்லன்.

அன்று இரவு வீடு திரும்பி உணவுக்கு அமர்ந்தோம். 'பிஸ்மில்லாஹ்' சொன்ன என் மகன், குழம்பில் உப்புக் குறைவென்று கிண்ணத்தை நோக்கிக் கை நீட்டியவன், சற்றே நிறுத்தி, "அந்த அம்மா இன்னேரம் சாப்பிட்டிருப்பாங்களா, அத்தா?" என்றான்.

செஞ்சி மலையில் ஏறியபோது எத்தனைப் படிகள் என்று அவன் எண்ணிக்கொண்டே வந்தான். எண்ணிக்கை இடையில் மறந்துவிட்டது. இந்த வினாவை மட்டும் அவன் மறவாதிருக்க இறைவன் அருள்புரிவானாக! ஆமீன்.