இருப்பிடமும் ஓர் அமானிதமே

துபாயில் பணிபுரியும் சகோதரர் ஒருவர் விடுமுறையில் ஊர் வந்திருந்தபோது நம்மிடம் ஒரு சந்தேகம் கேட்டார். “ஹஜ்ரத், என் மனைவி எங்கே போனாலும் என் செல்போனில் தெரிகிறது. போன தடவை வந்தபோது, அவளுக்குச் சொல்லாமலேயே அவள் போனில் அப்படி அமைத்துவிட்டேன். கணவனுக்கு இந்த உரிமை உண்டல்லவா?”

இக்கேள்வி அவருடையது மட்டுமன்று. ‘லொகேஷன்’ அனுப்புவது இன்று எல்லா வீடுகளிலும் புகுந்துவிட்ட பழக்கம். அதன் வரம்பு எது என்பதை நாம் சிந்திக்க வேண்டும்.

ஹிஜ்ரத்தின்போது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் தவ்ர் குகையில் மூன்று இரவுகள் தங்கினார்கள். குறைஷியர் தேடி அலைந்தனர். ஆனால் அபூபக்ர் (ரலி) அவர்களின் வீட்டார் அவ்விடத்தை அறிந்திருந்தனர். மகனார் அப்துல்லாஹ் (ரலி) இரவில் செய்தி கொண்டு சென்றார்கள். ஆமிர் இப்னு ஃபுஹைரா (ரலி) ஆடுகளை ஓட்டிச் சென்று பால் தந்தார்கள். “உன் தந்தை எங்கே?” என்று கேட்டு அபூஜஹ்ல் கன்னத்தில் அறைந்தபோதும் மகளார் அஸ்மா (ரலி) அவர்கள் வாய் திறக்கவில்லை என ஸீரா நூல்கள் கூறுகின்றன.

இதில் இரு படிப்பினைகள் உள்ளன. நம்பிக்கைக்குரியோருக்கு இருப்பிடத்தை அறிவிப்பது தவறன்று, பாதுகாப்பு. அறிந்தவரிடம் அது அமானிதம். ஊரார் அனைவரும் பார்க்கும் ஸ்டேட்டஸில் பயணத்தையும் பூட்டிய வீட்டையும் பறைசாற்றுவோர் இதை உணரட்டும்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என நம் நாட்டு உச்ச நீதிமன்றம் 2017-ல் தீர்ப்பளித்தது. திருமறையோ, துருவித் துருவி ஆராய்வதை ஹுஜுராத் அத்தியாயத்தின் 12-ஆம் வசனத்தில் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே தடுத்துவிட்டது. பயணத்திலிருந்து திரும்புபவர், குடும்பத்தார் மீது ஐயங்கொண்டு குறை தேடும் நோக்கத்துடன் இரவில் திடீரென வீடு புகுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிப்பது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. சொந்த வீட்டு வாசலுக்கே இந்த ஒழுக்கம் என்றால், கடல் கடந்து பகலும் இரவும் வேவு பார்ப்பதை என்னென்பது?

இதைச் சாக்காக்கி, வளர்ந்த பிள்ளைகள் தாயைக் கலங்க விடுவதும் சரியன்று. நள்ளிரவுப் பயணத்தில் உம்மாவின் தூக்கம் கெடாதிருக்க லொகேஷன் அனுப்புவது நற்செயலே. வாட்ஸ்அப்பில் 15 நிமிடம், 1 மணி, 8 மணி என அளவிட்டுக் கொடுக்கலாம். நேரம் முடிந்தால் தானே நின்றுவிடும். சிறு பிள்ளைகளைக் கண்காணிப்பதோ பெற்றோரின் பொறுப்பு.

அச்சகோதரரிடம் நாம் சொன்னது இதுதான்: “இன்றே மனைவியிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள், அமைத்ததை நீக்குங்கள். பிறகு அவர் மனமொப்பித் தந்தால் பெற்றுக்கொள்ளுங்கள். உங்கள் இருப்பிடத்தையும் அவருக்குக் கொடுங்கள்.”

அவர் சற்று நேரம் தலைகுனிந்திருந்தார். “என்னுடையதை அவள் கேட்டதே இல்லை, ஹஜ்ரத்” என்றார்.

நம் இல்லங்களில் சந்தேகத்தை அகற்றி, நம்பிக்கையை நிலைக்கச் செய்ய வல்ல நாயன் அருள்வானாக! ஆமீன்.