அவிழ்த்துக் காய வைத்த மரம்



கட்டுமரம் ஓட்டிய கைகள் இந்தக் கோயிலில் இன்னும் இருக்கின்றன. ஃபைபர் படகும் மோட்டாரும் வருவதற்கு முன்னால், கரை சேர்ந்ததும் மரத்தை மணலில் இழுத்துப் போட்டு, கயிற்றை அவிழ்த்து, தடிகளைத் தனித்தனியாக வெயிலில் காய வைப்பீர்கள். "எப்படியும் நாளை காலையில் திரும்பக் கட்டத்தானே போகிறீர்கள், எதற்கு அவிழ்க்க வேண்டும்?" என்று ஒரு பெரியவரிடம் கேட்டேன். "லேசான மரம் சாமி, தண்ணி குடிச்சிரும். குடிச்ச தண்ணி வெளிய தெரியாது. அலையில ஏத்தும்போதுதான் கனம் தெரியும்" என்றார்.

இன்றைய முதல் வாசகத்தில் எலியா சூரைச்செடியின் அடியில் கிடப்பதைக் கேட்டபோது, எனக்கு அந்த மரம்தான் நினைவுக்கு வந்தது.

எலியா பாவம் செய்துவிட்டு அங்கே போய்ப் படுக்கவில்லை. கர்மேல் மலையில் பாகாலின் பொய்வாக்கினர் 450 பேருக்கு எதிராக ஒற்றை ஆளாய் நின்று, ஆண்டவரே கடவுள் என்று மக்கள் அறிக்கையிடக் கண்டவர். மழைக்காக முழந்தாள்களுக்கிடையே முகம் புதைத்து மன்றாடியவர். மழை வந்தபோது அரசன் ஆகாபின் தேருக்கு முன்னால் ஓடியவர். நடந்ததைக் கேட்ட ஈசபேல் அரசி, மறுநாளுக்குள் கொல்லப்போவதாக ஆள் அனுப்பினாள். 450 பேருக்கு அஞ்சாதவர் அந்த ஒரு செய்தியில் நொறுங்கிப்போனார். பெயேர்செபாவில் பணியாளை விட்டுவிட்டுப் பாலைநிலத்தில் ஒருநாள் தூரம் நடந்து, "போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும்" என்ற பொருளில் கெஞ்சிவிட்டுத் தூங்கினார். அவர் குடித்த தண்ணீரின் கனம் அப்போதுதான் தெரிந்தது.

நல்ல வேலை செய்தே தளர்ந்துபோகிறவர்கள் உண்டு, சகோதர சகோதரிகளே. பிள்ளைகளின் படிப்புக் கடனுக்காக இரண்டு வேலை பார்க்கிறவர்கள், படுத்த படுக்கையாய்க் கிடக்கும் மாமியாரை ஆண்டுக்கணக்கில் கவனிக்கிறவர்கள், அன்பியத்துக்கும் பாடகர் குழுவுக்கும் திருவிழாவுக்கும் என்று எதற்கும் மறுப்புச் சொல்லத் தெரியாதவர்கள். இவர்களின் சமநிலை குலைவது வெளியே தெரியாது. ஒருநாள் ஒரு சின்னச் சொல்லுக்கு உடைந்து அழுவார்கள். அல்லது பிள்ளையை அடித்துவிடுவார்கள்.

உடைந்து கிடந்த எலியாவுக்கு ஆண்டவர் என்ன செய்தார்? தூதரை அனுப்பினார். அந்தத் தூதர் அறிவுரை சொல்லவில்லை, "விசுவாசம் எங்கே?" என்று கேட்கவுமில்லை. தொட்டு எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். தலைமாட்டில் சூடான கல்லில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் இருந்தன. எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். இந்த இடத்தைக் கவனியுங்கள். கடவுள் அவரை மறுபடியும் தூங்க விட்டார். இரண்டாம் முறை எழுப்பியபோதுதான், நீண்ட பயணம் இருக்கிறது என்ற பேச்சே வந்தது.

இந்த வாசகத்துக்கு முன்னால் எனக்கு ஒரு மனவருத்தம் உண்டு. குருவான புதிதில், தூக்கமே வரவில்லை என்று அழுத ஒரு தாயிடம், இன்னும் ஒரு செபமாலை கூடுதலாகச் சொல்லும்படி கூறி அனுப்பினேன். அவர் கடைசியாக எப்போது நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டார் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

ஓய்வு நமக்குப் புதிதல்ல. ஞாயிறன்று கடலுக்குப் போவதில்லை என்பது நம் முன்னோர் காத்த வழக்கம். ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்குகிறவர்களுக்கு இன்று அது முடிவதில்லை. அவர்கள் கரைக்கு வரும் நாளையாவது வீட்டுச் சண்டைக்கும் கடன்காரருக்கும் கொடுத்துவிடாதீர்கள். கரையில் இருக்கும் நாம் ஓய்ந்திருக்கிறோம் என்றால், யாருடைய உழைப்பில் ஓய்ந்திருக்கிறோம்? இறைச்சி வாங்கிக் கொடுத்துவிட்டு ஆண்கள் சாய்ந்துவிடுகிறோம். வாரத்திலேயே அதிகப் பாத்திரம் ஞாயிறன்றுதான் விழுகிறது. இணைச்சட்ட நூலில் ஓய்வுநாள் கட்டளையைப் படித்துப் பாருங்கள். உன்னைப்போலவே உன் பணியாளும் பணிப்பெண்ணும் ஓய்வெடுக்க வேண்டும் என்கிறது. மாட்டையும் கழுதையையும்கூட மறக்கவில்லை. எகிப்தில் நீ அடிமையாக இருந்தாய் என்று காரணமும் சொல்கிறது. ஓய்வின்றி வேலை வாங்கப்படுவது எப்படியிருக்கும் என்று அறிந்த மக்களுக்குக் கொடுத்த கட்டளை அது. நம் வீட்டு அடுப்படியில் நிற்கிறவளுக்கும் அது பொருந்தும்.

அதனால் இன்று மதியம் தட்டை எடுத்து வைத்துவிட்டு, சமைத்தவரை முதலில் உட்கார வையுங்கள். நீங்கள் பரிமாறுங்கள். பாத்திரம் உங்கள் கையில் கழுவப்படட்டும். அவர் தூங்கினால் எழுப்பாதீர்கள்.

எலியா அந்த உணவின் வலிமையில் 40 பகலும் 40 இரவும் நடந்து, ஓரேபு மலைக்குப் போய்ச் சேர்ந்தார். விண்ணிலிருந்து இறங்கிவந்த உணவு தாமே என்று நற்செய்தியில் இயேசு சொல்லக் கேட்டோம். சற்று நேரத்தில் அந்த அப்பத்தை உங்கள் கைகளில் தருவேன். களைத்து வந்திருப்பவர்கள் களைத்தபடியே வாருங்கள்.