கால் நொந்த கோழியும் வினைப்பயனும்

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிச் சிற்றூர்களிலே வீட்டின் புறக்கடையிற் கோழி வளர்த்தல் பெருவழக்கு. பகலெல்லாம் மேய்ந்து இரவிற் பஞ்சாரத்தின்கீழ் அடங்கும் அவற்றுள் ஒன்று, நாயின் வாய்ப்பட்டோ வேலியிற் சிக்கியோ கால் முறிந்து கிடக்குமாயின், அதற்கு மருத்துவஞ் செய்தல் முறையோ? "அஃது அதன் பிராரத்தம், நுகர்ந்தே கழிக்கற்பாலது, இடைப்புகுதற்கு நாம் யார்?" என்பார் சித்தாந்தம் பயின்றாருள்ளும் உளர். வினா ஒரு சிறு பறவையைப் பற்றியதே யெனினும், நமது வினைக்கொள்கையின் உயிர்நிலையைத் தொடுதலின், அதனை ஈண்டு ஆராய்வாம்.

கோழியுற்ற துன்பம் பிராரத்தப் பயனே என்பதை யாமும் உடன்படுவேம். நாய்க்கடி பிறவுயிர் வாயிலாக வருவதாம். ஆயின், வினை சடமாகலின் தானே சென்று பயன் றாராது, கூட்டுவிப்பான் இறைவனே. அதன் அளவை அறிவானும் அவனே. துன்பம் வருதற்கு நாயின் பல் வாயிலாயின், அது நீங்குதற்கு மனிதன் கை வாயிலாகாது என்பதற்குப் பிரமாணம் யாது? கட்டியபின் என்பு கூடினும் வினைவழியே; கூடாதொழியினும் வினைவழியே. பிறர் வினையைத் தடுத்துவிடுவேம் என்னும் அச்சம், நமக்கில்லாத ஆற்றலை நமக்கு ஏற்றிக்கொள்வதாம். அன்றியும், இங்ஙனங் கூறுவார் தமக்குச் சுரம் வந்துழி மருந்துண்ணாது வாளாவிருத்தலை யாம் கண்டிலேம்.

கோழியின் பிராரத்தம் நம் கையிலில்லை. நம் ஆகாமியமோ நம் கையிலுள்ளது. அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியாரில், உயிர்கட்கு நன்மை புரிதலை இதமென்றும், அது புரியாமையை அகிதமென்றும் வகுத்து, இரண்டையும் இறைவனே ஏற்றுப் பயனளிப்பன் என்று தெளிவித்தார். அடித்தல் மாத்திரமன்று, செய்யத்தக்கது செய்யாது விடுதலும் அகிதமாயிற்று. ஆகவே, கண்டும் காணாது செல்வார் வினைக்குப் புறம்பே நிற்கின்றாரல்லர், புதுவினை ஈட்டுகின்றார்.

இனிச் செய்யத்தக்கது யாதெனின், முதற்கண் அக்கோழியைப் பிரித்துவைத்தல் வேண்டும். குருதி கண்டால் ஏனைய கோழிகள் கொத்தும். மெல்லிய வைக்கோல் பரப்பி, இரையும் நீரும் எட்டுமிடத்தில் வைத்தல் நலம். கணைக்கால் முறிந்திருப்பின், பஞ்சு சுற்றி, மெல்லிய மூங்கிற் பத்தை வைத்து, இறுகாமற் கட்டி, ஏறத்தாழ மூன்று வாரம் காத்தல் வேண்டும். விரல்கள் வீங்கினாலும் குளிர்ந்தாலும் கட்டினைத் தளர்த்துக. உள்ளங்காலிற் கரும்பொருக்குடன் வீக்கம் காணின் அது சீழ்ப்புண். வெதுவெதுப்பான உப்புநீரில் ஊறவைத்துத் தூய்மைசெய்தல் தகும். முற்றியதாயின் கால்நடை மருத்துவரே கீறவேண்டும். மருத்துவன் அறுத்து நோவுறச் செய்தும் நோய் தீர்த்தலை, இறைவனது மறக்கருணைக்கு உவமையாக அச்சித்தியாரே எடுத்தாள்கின்றது. ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டிக் கிடப்பின், அடிபட்டதென்று துணிந்து கட்டலாகாது; மாரெக் என்னும் தீராநோயாதலுங் கூடும். அவ்வழியும் நீரும் நிழலும் காவலும் அளித்தல் இதமேயாம். இதம் பயனைக் கொண்டு அளக்கப்படுவதன்று.

"நாளை கறியாகும் கோழிக்கு இன்று கட்டு எதற்கு?" என்பாரும் உளர். கொல்லாமையே சைவர்க்கு அறம் என்பது ஒருதலை. அதனின் வழுவினார் இல்லத்தும் இன்றைய நோவு இன்றைய நோவே. நாளை செய்யும் தீமை இன்று செய்யும் தீமைக்கு விடையாகாது.

அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்திலே, முதலாம் இராசேந்திர சோழன் எடுத்த திருக்கோயிலில், இறைவன் சண்டேசர்க்குக் கொன்றைமாலை சூட்டும் திருவுருவத்தைக் கண்டு வணங்காதார் அரியர். அம்மாலை பெற்றவர், மாணியாயிருந்த ஞான்று, ஆயன் ஒருவன் பசுவை அடிக்கக் கண்டு ஆற்றாது, தாமே ஆனிரை மேய்க்கப் புகுந்தவர் எனச் சேக்கிழார் பெருமான் உரைத்தருளினர். மண்ணியாற்று மணலில் இலிங்கம் அமைத்துப் பூசித்தது அதன் பின்னரே. இரக்கம் பூசைக்கு முன்னின்றது. ஆன் உயர்ந்தது, கோழி இழிந்ததெனின், நாரைக்கும் கரிக்குருவிக்கும் ஆலவாயண்ணல் அருள்செய்தமை அதனை மறுக்கும். பசுத்துவம் உயிர்கட்கெல்லாம் பொது. அவ்வுயிர்கள்மாட்டு நாம் கடப்பாடுடையேம் என்பதும் பொது.