தராசுக்கு முன்னால் ஒரு விசுவாசி

ஜெயமங்கலத்தில் நெல் கமிஷன் கடையொன்றில் கணக்கு எழுதுகிறவன் நான். ஞாயிறு ஆராதனையில் கைதட்டிப் பாடுவதில் எனக்குச் சிரமமில்லை. சிரமமெல்லாம் திங்கட்கிழமை, தராசுக்கு முன்னால்தான். ஈரப்பதம் என்று சொல்லி மூட்டைக்கு எவ்வளவு கழிக்கலாம்? நன்றாகக் காய்ந்த நெல்லுக்கும் கழிப்பதுதான் வழக்கம் என்றால் அதை எழுதும் கை யாருடையது?

இந்த விஷயத்தில் பிரசங்கிகளைவிட எனக்கு உதவியவர் ஜே.சி. குமரப்பா. 1892இல் தஞ்சாவூரில் பிறந்த கிறிஸ்தவர், லண்டனில் படித்த ஆடிட்டர். 1934 பீகார் நிலநடுக்கத்தின்போது நிவாரண நிதிக் கணக்கைப் பார்த்தவர் அவர். காந்தியும் அவரோடு வந்தவர்களும் அங்கே தங்கிய செலவை அந்த நிதியில் எழுத முடியாது என்று சொல்லிவிட்டார். காந்தியிடமே! (எங்கள் பக்கம் வார்டு உறுப்பினர் குடித்த டீக்குக்கூடக் காசு கேட்கமாட்டார்கள்.) அது இடிந்த வீட்டுக்காரனுடைய பணம், அவ்வளவுதான் அவர் கணக்கு.

பின்னாளில் சிறையிலிருந்தபோது இயேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றி எழுதினார். கடைசிக் காலத்தில் மதுரை மாவட்டத்து டி. கல்லுப்பட்டியில், கிராம மக்களோடு வாழ்ந்தார். அவருடைய ஜெபத்தைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. தெரிந்த கணக்கே போதும்.

சாட்சி சொல்ல மைக் கேட்கும் சகோதரர்களே, கடைப் பையனின் சம்பள பாக்கியை முதலில் கொடுத்துவிட்டு வாருங்கள்.