நோயாளி எனப்படுபவர் யார்?

ரமலான் நோன்பிலிருந்து நோயாளிக்கும் பயணிக்கும் விலக்களிக்கும் குர்ஆன், விடுபட்ட நாள்களைப் பின்னர் நோற்று நிறைவுசெய்யும்படி பணிக்கிறது. நோய் ஒரு நாள் வந்து மறுநாள் நீங்கும், வந்திருப்பதை நோயுற்றவரே உணர்வார் என்னும் இரண்டு எண்ணங்கள் இந்த ஏற்பாட்டின் அடியில் இருப்பதாகத் தோன்றும். பேட்டை, மேலப்பாளையம் போன்ற திருநெல்வேலிப் பகுதிகளில் ‘சுகர்’ என்றே பேச்சில் வழங்கும் நீரிழிவு இவ்விரண்டுக்கும் அடங்குவதில்லை. நீங்காத நோய்க்குச் சமயச் சட்டவியலார் முன்பே விடை கண்டுள்ளனர். விடுபடும் ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளிப்பதாகிய ஃபித்யாவே அது. உணரப்படாத நோய்தான் சிக்கலானது.

ஒருவர் நீரிழிவாளர் என்பதைப் பெரும்பாலும் முதலில் அறிவிப்பது ஆய்வகம் தரும் ஓர் எண். அந்த எண்ணின் எல்லையோ மக்கள்திரள் ஆய்வுகளிலிருந்து பிறந்தது. எகிப்தியர், அமெரிக்கப் பிமா பழங்குடியினர் முதலிய மக்களிடையே விழித்திரைப் பாதிப்பு எந்த அளவிலிருந்து பெருகுகிறது என்பதையும் கருத்தில் கொண்டு, வெறும் வயிற்று ரத்தச் சர்க்கரையின் எல்லையை அமெரிக்க நீரிழிவுக் கழகம் 1997இல் டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராமிலிருந்து 126ஆகக் குறைத்தது. 130 அளவுடைய ஒருவர், உடலில் எதுவும் மாறாமலேயே நோயாளியானார். இறைவன் முன் அவருடைய நிலையும் அன்றே மாறியதா? மாறியது எனில் சமயக் கடமையின் வரம்பைப் புள்ளியியல் வகுப்பதாகிவிடும். மாறவில்லை எனில் மருத்துவ அறிவுக்கு மனச்சான்றில் இடமில்லை என்றாகும்.

விலக்குக்குக் காரணம் நோயின் பெயரன்று, நோன்பால் நேரக்கூடிய கேடு என்று கொண்டால் இந்த இக்கட்டு தளரும். ஆயினும் அந்தக் கேடும் நிகழ்தகவாகவே அறியப்படுகிறது. 2001இல் இந்தியா உட்பட 13 நாடுகளில் 12,243 நீரிழிவாளரிடம் நடந்த எபிடையார் ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவினருள் ஏறத்தாழ 79 விழுக்காட்டினர் குறைந்தது 15 நாள் நோன்பு நோற்றிருந்தனர். மருத்துவமனையில் சேர்க்க நேரும் அளவுக்குச் சர்க்கரை தாழ்வது, அவ்வகையினரில் மாதத்துக்கு நூற்றுக்கு 0.4 என்பதிலிருந்து ரமலானில் 3ஆக உயர்ந்தது. ஆபத்து ஏழரை மடங்கானதும் உண்மை. பெரும்பாலோர் “எனக்கு ஒன்றும் ஆகவில்லை” என்று சொல்லக்கூடியதும் உண்மை. சமயச் சட்டம் இங்கே முழு உறுதியைக் கேட்பதில்லை, நம்பத் தகுந்த மருத்துவரின் கணிப்பால் மேலோங்கும் கருத்தே போதும் என்கிறது. ஆகவே நிகழ்தகவு அதற்கு அயலான சிந்தனையன்று. எண் தீர்ப்பாக அல்லாமல் சாட்சியாக வருகிறது, சலுகையை மறுப்பதையே பக்தியாகக் கருதும் வழக்கமோ அந்தச் சாட்சியைக் கேளாமலே தீர்ப்பெழுதிவிடுகிறது.

இவையெல்லாம் தனி மனிதரைப் பற்றியவை. ஒருவர் ஏன் நோயுற்றார் என்பதும் ஒரு மக்கள்திரளில் நோய் ஏன் மிகுந்துள்ளது என்பதும் வெவ்வேறு கேள்விகள் என்று ஆங்கிலேயத் தொற்றுநோயியலர் ஜெஃப்ரி ரோஸ் 1985இல் வாதிட்டார். பின்னதற்கான விடையைப் பள்ளிவாசல் முற்றத்திலும் தேடலாம். நோன்பு துறக்கும்போது பருகும் கஞ்சிக்கென்று தமிழக அரசு பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி வழங்கிவருகிறது. வெள்ளை அரிசிச் சோறு மிகுதியாக உண்போரிடையே நீரிழிவு கூடுதலாகத் தோன்றுவதையும், தெற்காசியாவில் அத்தொடர்பு வலுவாக இருப்பதையும், 21 நாடுகளில் நடந்த ‘பியூர்’ ஆய்வு 2020இல் தெரிவித்தது. கஞ்சிக்கு அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு என்று எவரும் ஃபத்வா கேட்பதில்லை. ஆனால் அதை முடிவு செய்யும் பள்ளிவாசல் ஜமாத், 110 அளவுடையவருக்கும் 130 அளவுடையவருக்கும் சேர்த்தே, ஒருவரையும் நோயாளி என்று பெயரிடாமல், முடிவு செய்கிறது.